சிறுநீரக நோய்க்குப் புது மருந்து ஆய்வு: தம்பதிகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை



சர்க்கரை வியாதியாலும் இரத்தக் கொதிப்பாலும் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்பது இப்போது நம் கிராமங்களில் பலருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை, வயதும் 20, 25தான் ஆகிறது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் கெடுமா? கெடும். லூபஸ் என்னும் நோய் அப்படிப்பட்டது. டாக்டர்கள் சீட்டில் எஸ்.எல்.இ. என்று சுருக்கி எழுதுவார்கள். இந்த நோய் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 45 வயதுக்குள். கல்யாணம், பிள்ளைப்பேறு, வளர்ப்பு என்று ஒரு குடும்பம் தழைக்கிற காலத்தில் வருகிற நோய். குடும்ப நல வரிசையில் இதற்கென்று ஒரு பிரசுரம் போடுவதற்குக் காரணம் அதுதான்.

இந்த நோய்க்கு உலகமெங்கும் புதிய மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடக்கின்றன. சிகிச்சைக்குப் போன இடத்தில் டாக்டர், "ஒரு மருந்து ஆய்வு இருக்கும்மா, சேருகிறாயா? வீட்டில் பேசிவிட்டுச் சொல்" என்கிறார். வீட்டில் பேசத் தொடங்கினால் ஆளுக்கொன்று சொல்லுவார்கள். அந்தப் பேச்சு பயத்தில் நடக்காமல் விவரம் தெரிந்து நடக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

நோயின் தன்மை

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளைக் கண்டுபிடித்து அழிப்பது அதன் வேலை. லூபஸ் நோயில் இந்தப் படைக்குத் தன்னவர் யார், அந்நியர் யார் என்கிற அடையாளம் தப்பிப்போகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தோல், மூட்டு, இரத்தம், சிறுநீரகம் என்று எதை வேண்டுமானாலும் தாக்கும். லூபஸ் வந்த பத்துப் பேரில் நான்கைந்து பேருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. அதை லூபஸ் நெஃப்ரைட்டிஸ் என்பார்கள். இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, தாம்பத்திய உறவாலோ பரவாது. செய்வினை, சாபம், ஜாதகப் பொருத்தம் இவற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. "இந்தப் பொண்ணு வந்த நேரம்" என்று பேசுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் மூட்டு வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, வாய்ப்புண், வெயிலில் போனால் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவந்து தடிப்பது என்று தொடங்கும். களையெடுப்பு வேலை, வெயில், அசதி என்று நினைத்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவதுதான் வழக்கம். அந்த வலி மாத்திரைகளே சிறுநீரகத்துக்குக் கூடுதல் கெடுதல். சிறுநீரகம் பாதிக்கப்படும்போது வலி இருக்காது. அதுதான் இதில் மோசம். காலையில் கண் இமை வீங்கும். காலில் மெட்டி இறுகும். சிறுநீர் நுரைத்து, அந்த நுரை சீக்கிரம் அடங்காமல் நிற்கும். சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. இறங்கினால், மேற்கொண்டு இரத்தப் பரிசோதனையும், ஊசி மூலம் சிறுநீரகத்திலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி பரிசோதனையும் பெரிய ஆஸ்பத்திரியில் செய்வார்கள்.

கவனிக்காமல் விட்டால் சில வருஷங்களில் சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கும்படி ஆகலாம்.

இன்று கொடுக்கிற மருந்துகள் எங்கிருந்து வந்தன?

இதைத் தெரிந்துகொண்டால் ஆய்வு என்றால் என்ன என்பது பாதி விளங்கிவிடும். தொடக்கத்தில் இந்த நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றுதான் பெரிய ஆயுதம். நோய் அடங்கும், ஆனால் பலருக்குச் சிறுநீரகம் நெடுநாள் தாங்கவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் நோயாளிகளைப் பிரிவுகளாகப் பிரித்துப் பல வருஷம் கவனித்தார்கள். 1986-ல் வெளியான முடிவின்படி, ஸ்டீராய்டோடு சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தையும் நரம்பில் ஏற்றியவர்களுக்குச் சிறுநீரகம் அதிக காலம் தாங்கியது.

சிறுநீரகம் பிழைத்தது, ஆனால் வேறொன்று போயிற்று. அந்த மருந்தை அதிக அளவில் மாதாமாதம் ஏற்றியதில் பல பெண்களுக்குச் சினைப்பை பாதிக்கப்பட்டு, மாதவிலக்கு நின்றே போனது. 25 வயதுப் பெண்ணுக்கு 50 வயதில் நிற்க வேண்டியது நின்றால் அவள் மனசு என்ன பாடுபடும்? கிட்னி நல்லாயிருக்கு, ஆனா குழந்தைக்கு வழியில்லை என்கிற நிலை.

இதற்கு மாற்று வழி தேடியதும் மருந்து ஆய்வுகள்தான். ஐரோப்பாவில் 90 நோயாளிகளை வைத்து நடந்து, 2002-ல் வெளியான ஆய்வில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 500 மில்லிகிராம் வீதம் ஆறே தடவை, மொத்தம் 3 கிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவு கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால் பலன் ஏறக்குறைய ஒன்றே. மருந்தின் மொத்த அளவு குறைந்தால் சினைப்பைக்கு ஆபத்தும் குறைகிறது. அடுத்து மைக்கோஃபீனலேட் என்ற மாத்திரை வந்தது. 370 பேரை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2009-ல் வந்தது. ஆறு மாதத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 56 பேருக்கும், சைக்ளோபாஸ்பமைடு ஏற்றியவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கும் நோய் கட்டுப்பட்டது. ஆக மாத்திரையும் ஊசி மருந்துக்கு இளைத்ததல்ல. இந்த மாத்திரை சினைப்பையைக் கெடுப்பதில்லை. ஆனால் கருவுக்கு ஆகாது. அதைப் பிறகு சொல்கிறோம்.

"வெள்ளைக்காரங்களுக்கு ஒத்துக்கிட்டது நமக்கு ஒத்துக்குமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் 100 இந்திய நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, 50 பேருக்குக் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடும், 50 பேருக்கு மைக்கோஃபீனலேட் மாத்திரையும் கொடுத்தார்கள். 2016-ல் வெளியான முடிவில் இரண்டு பிரிவிலும் சரியாக 37 பேருக்குப் பலன் கிடைத்திருந்தது. இன்று உங்கள் சீட்டில் டாக்டர் எழுதுகிற மருந்துக்குப் பின்னால், முன்பு ஆய்வில் சேர்ந்த இந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

"எங்களை வெச்சு சோதனை பண்றாங்களா?"

கிராமக் கூட்டங்களில் மருந்து ஆய்வு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழுகிற கேள்வி இதுதான். எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதுபோல் நமக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்கிற எண்ணம். ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால், ஆமாம், அது சோதனைதான். புது மருந்து பழையதைவிட மேலா என்பது ஆய்வு தொடங்கும்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டியதில்லை. ஆனால் அது உங்களுக்குத் தெரியாமல் நடக்கிற சோதனை அல்ல. உங்கள் சம்மதத்தோடு, சட்டத்துக்கு உட்பட்டு நடக்க வேண்டியது.

ஒரு புது மருந்து நேரே நோயாளியிடம் வந்துவிடாது. விலங்குகளில் பார்த்த பிறகு, முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்து உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் இன்னும் கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, எவ்வளவு கொடுக்கலாம், பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் நூற்றுக்கணக்கானவர்களை வைத்துப் பழைய சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். உங்களைக் கூப்பிடுவது எந்தக் கட்டத்துக்கு என்று கேளுங்கள். முதல் கட்டமானால் விவரம் குறைவு, ஆபத்து எவ்வளவு என்பதும் சரியாகத் தெரியாது. மூன்றாம் கட்டமானால் மருந்தைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும்.

ஒப்பிடுவது எப்படி? யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழையது என்பதை டாக்டர் தன் இஷ்டப்படி முடிவு செய்யக்கூடாது. செய்தால், தெம்பாக இருக்கிறவர்களுக்குப் புது மருந்தைக் கொடுத்துவிட்டு, பார்த்தீர்களா பலனை என்று சொல்லிவிடலாம் அல்லவா? ஆகவே திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் குலுக்கலில் விடுகிறார்கள். இன்று அந்தக் குலுக்கலைக் கம்ப்யூட்டர் செய்கிறது. கலெக்டர் சிபாரிசும் அங்கே செல்லாது.

இந்த முறை நமக்குப் புதிது அல்ல. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டபோது, காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்று நம்பினார்கள். அங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-ல் வந்த அந்த முடிவு உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. இன்று காசநோயாளி தன் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அந்தச் சென்னை ஏழை நோயாளிகள் சம்மதித்ததால்தான்.

வெறும் மாத்திரை என்றால் ஏமாற்றா?

ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மருந்துச் சத்து இல்லாத வெறும் மாத்திரையோ வெறும் குளுக்கோஸ் நீரோ கொடுப்பது உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பல ஆய்வுகளில் கொடுக்கிற டாக்டருக்கே எது எது என்று தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சீக்கு முற்றினவளுக்கு வெறும் மாத்திரையா என்று பதற வேண்டாம். கீழே சொல்லப்போகிற லூபஸ் சிறுநீரக ஆய்வுகள் மூன்றிலும் இரண்டு பிரிவினருக்குமே வழக்கமான சிகிச்சை கொடுக்கப்பட்டது. அதற்கு மேல்தான் ஒரு பிரிவுக்குப் புது மருந்து, மறு பிரிவுக்கு வெறும் மருந்து. சாம்பார் சாதம் எல்லோருக்கும் உண்டு. பாயசம் மட்டும் பாதிப் பேருக்கு. பாயசம் நல்லதா, வயிற்றைக் கெடுக்குமா என்பதுதான் கேள்வி. இருந்தாலும் "வழக்கமான சிகிச்சை எனக்கு நிச்சயம் உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். உண்டு என்ற பதில் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

புது மருந்துகள் என்ன சாதித்தன?

பெலிமுமாப் என்ற ஊசி மருந்தை 448 பேரை வைத்து இரண்டு வருஷம் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. புது மருந்து சேர்த்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்குச் சிறுநீரகம் எதிர்பார்த்த அளவு தேறியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 32 பேர். வோக்ளோஸ்போரின் என்ற மாத்திரையை 357 பேரை வைத்து ஒரு வருஷம் பார்த்ததில் 41-க்கு 23. முடிவு 2021-ல் வெளியானது. ஓபினுட்டுசுமாப் என்ற ஊசி மருந்தின் ஆய்வு 271 பேரை வைத்து நடந்து 2025-ல் வெளியானது: நூற்றுக்கு 46-க்கு 33. இம்மூன்றையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தச் சிறுநீரக நோய்க்கு அனுமதித்திருக்கிறது.

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். முதல் மருந்தை 100 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாகத் தேறியது 11 பேர். 32 பேர் அது இல்லாமலே தேறியிருப்பார்கள். மீதி 57 பேர் அது கிடைத்தும் அந்த அளவுக்குத் தேறவில்லை. அந்தப் பதினொரு பேரில் உங்கள் மனைவி ஒருவரானால் அது பெரிய விஷயம்தான். ஆனால் "புது மருந்து வந்தாச்சு, இனிமே கவலையில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கெடுதல்களும் உண்டு. காவல் படையை அடக்குகிற மருந்து என்பதால் தொற்று நோய்கள் எளிதில் பிடிக்கும்; ஓபினுட்டுசுமாப் ஆய்வில் கடுமையான தொற்றுகள் அந்த மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. வோக்ளோஸ்போரின் இரத்தக் கொதிப்பை ஏற்றலாம், சிறுநீரகத்தின் வேலையையே குறைக்கவும் செய்யலாம். அதனால் அடிக்கடி பார்க்க வேண்டும்.

தோற்ற மருந்தும் உண்டு. ரிட்டுக்சிமாப் என்ற மருந்தின் மேல் டாக்டர்களுக்கே ரொம்ப நம்பிக்கை இருந்தது. 144 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வந்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. டாக்டரின் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் நோயாளியின் இரத்த அணுக்களையே வெளியே எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றும் ஒரு சிகிச்சையைக் கடுமையான லூபஸ் வந்த 5 பேருக்குச் செய்து, ஐந்து பேருக்கும் நோய் அடங்கியதாக 2022-ல் வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. சந்தோஷமான செய்திதான், ஆனால் ஐந்து பேர் என்பது ஐந்து பேர்தான். ஒப்பிட மறு பிரிவும் அதில் இல்லை.

குழந்தை விஷயம்

குடும்ப நல ஊழியர்கள் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வில் சேர்ந்தால், ஆய்வு நடக்கிற காலம் முழுவதும், முடிந்த பிறகும் அவர்கள் சொல்லும் மாதம்வரை, கரு தரிக்கக்கூடாது. சேருவதற்கு முன்பும் இடையிடையேயும் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். அது உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல. கர்ப்பிணிகளை இத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பதில்லை; ஆகவே புது மருந்து வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும் என்பது அந்தச் சமயத்தில் யாருக்கும் தெரியாது. வழக்கமான சிகிச்சையில் இருக்கும் மைக்கோஃபீனலேட் மாத்திரையைப் பற்றியோ தெரிந்தே இருக்கிறது. கருச்சிதைவும், காது, உதடு, அண்ணம் முதலிய இடங்களில் பிறவிக் குறையும் அதனால் வரக்கூடும். சைக்ளோபாஸ்பமைடும் கருவுக்கு ஆகாது. கொதிப்புக்கும் புரதம் இறங்குவதற்கும் கொடுக்கிற எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளும் கர்ப்ப காலத்துக்கு ஏற்றவை அல்ல.

எனவே கருத்தடை கட்டாயம். எந்தக் கருத்தடை என்பதிலும் கவனம் வேண்டும். நாம் துணை சுகாதார நிலையங்களில் கொடுக்கிற மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கும்போது அது கூடாது. சில லூபஸ் நோயாளிகளுக்கு இரத்தம் உறையும் தன்மை இருக்கும், அவர்களுக்கு எப்போதுமே கூடாது. வாரம் ஒரு முறை சாப்பிடும் சாயா மாத்திரையையும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியையும் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிகிறது; அந்த ஊசியும் எலும்பை மெலிவிக்கக்கூடியது. பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது காப்பர்-டி. தேவையில்லை என்கிறபோது எடுத்துவிடலாம். கூடவே நிரோத்தும் உபயோகிப்பது நல்லது. குழந்தைகள் போதும் என்று முடிவு செய்துவிட்டவர்களானால், நோயாளியான மனைவியை அறுவைக்கு அனுப்புவதைவிடக் கணவர் தழும்பில்லாத கருத்தடைச் சிகிச்சை செய்துகொள்வது மேல். சில நிமிஷ வேலை. செய்த பிறகு மூன்று மாதம் நிரோத் உபயோகிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்போ எங்களுக்குக் குழந்தையே கிடையாதா?" உண்டு. லூபஸ் வந்த பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் நேரம் பார்த்துத்தான் பெற வேண்டும். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். நோய் கனன்றுகொண்டிருக்கும்போது கரு தரித்தால் கொதிப்பு ஏறி, குறைமாதத்தில் பிரசவமாகி, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாக முடியலாம். கருவுக்கு முயல்வதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே மைக்கோஃபீனலேட்டை நிறுத்தி, கர்ப்பத்துக்கு ஏற்ற அசத்தயோப்ரின் மாத்திரைக்கு டாக்டர் மாற்றுவார். மாற்றிய பிறகும் நோய் அடங்கி இருக்கிறதா என்று சில மாதம் பார்ப்பார். லூபசுக்கு எல்லோரும் சாப்பிடும் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரையைக் கர்ப்பத்திலும் நிறுத்தக்கூடாது. ஆகவே ஆய்வு இரண்டு வருஷம் என்றால், உங்கள் வயது, உங்கள் ஆசை, நோயின் நிலை மூன்றையும் வைத்து டாக்டரோடு கணக்குப் போடுங்கள். 22 வயதுப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் பெரிதல்ல. 36 வயதில் தலைச்சன் குழந்தைக்குக் காத்திருப்பவளுக்கு அது வேறு கணக்கு. ஆய்வில் சேராவிட்டாலும் அவள் நோய் அடங்கக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தப்பித்தவறிக் கரு தரித்துவிட்டால் மறைக்க வேண்டாம். திட்டுவார்களே என்று நாட்டு மருந்து தின்று கலைக்கப் பார்க்கவும் வேண்டாம். எல்லா மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நாள் தள்ளியது தெரிந்த அன்றே ஆய்வு டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, இன்னும் ஒண்ணுமில்லையா?" என்கிற பேச்சைக் கேட்கமாட்டாமல் மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டுக் கரு தரித்து, சிறுநீரகத்தை இழக்கிற பெண்களும் உண்டு. பேரப்பிள்ளையை வளர்க்க அதன் தாய் வேண்டும்.

கையெழுத்து யாருடையது?

நோயாளி வயதுவந்த பெண், நினைவோடு இருக்கிறாள் என்றால் சம்மதக் கையெழுத்து அவளுடையதுதான். கணவர் அவளுக்காகப் போட முடியாது. வேண்டாம் என்றவளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. கலந்து பேசுங்கள், கூடப் போங்கள், டாக்டர் சொல்வதைச் சேர்ந்து கேளுங்கள். முடிவு அவள் வாயிலிருந்து வரட்டும். அவள் உடம்பு அது.

2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வு பற்றிய விவரத்தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு முழுவதையும் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். அன்றைக்கே போட்டாக வேண்டும் என்று அவசரப்படுத்தினால், "நாளைக்கு வந்து சொல்றோங்க" என்று எழுந்து வந்துவிடுங்கள். அரசின் அனுமதியும், அறநெறிக் குழுவின் அனுமதியும் இல்லாமல் புது மருந்து ஆய்வு நடத்தக்கூடாது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவர், பெண் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். 2009 முதல் ஒவ்வொரு ஆய்வையும் இந்திய மருந்து ஆய்வுப் பதிவேட்டில் பதிவதும் கட்டாயம். பதிவு எண் என்ன என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் வாங்கக்கூடாது. மருந்தால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும், ஆய்வினால்தான் வந்தது என்று தெரிந்தால் நஷ்டஈடும் உண்டு. எந்த நாளும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம். விலகினாலும், முதலிலேயே மறுத்தாலும், அந்த ஆஸ்பத்திரியில் உங்களுக்குரிய சிகிச்சையை நிறுத்தக்கூடாது. விலகுகிறபோதும் நீங்களாக மருந்தை நிறுத்தாமல் சொல்லிவிட்டு விலகுங்கள்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் சார்ஜும், இழந்த கூலிக்கு ஈடும் தருவார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ஆனால் "சேர்ந்தா இத்தனை ஆயிரம் கிடைக்கும்" என்று ஆள் பிடிக்கிறவர்கள் யாராவது ஊருக்குள் வந்தால் விரட்டிவிடுங்கள். மாதம் எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள், மறுபடி பயாப்சி உண்டா, ஆய்வு முடிந்த பிறகு மருந்து பலன் தந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். புது மருந்துகளின் விலை நம் வருமானத்துக்கு எட்டுவதல்ல.

சேர்ந்த பிறகு ஆய்வு மாத்திரையோடு சித்த மருந்தோ, வலி மாத்திரையோ, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த லேகியமோ சேர்க்காதீர்கள்; சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. அடக்கப்பட்ட காவல் படையால் கிருமியை எதிர்க்க முடியாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வந்ததும் ஆய்வில் இருக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

சம்மதப் படிவத்தின் ஒரு நகலை உங்களிடம் தர வேண்டும். அதில் ஆய்வு டாக்டரின் பெயரும் போன் நம்பரும், புகார் சொல்ல அறநெறிக் குழுவின் விவரமும் இருக்கும். அதைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பிரசவ வார்டானாலும், அதைக் கையில் எடுத்துப் போங்கள். படித்துப் புரியாத இடம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள், அல்லது 104-ல் கூப்பிட்டுக் கேளுங்கள். முகம் வீக்கமோ சிறுநீரில் நுரையோ உள்ள பெண் உங்கள் தெருவில் யாராவது இருந்தால், இந்தப் பிரசுரத்தை அவர்களிடம் கொடுத்து, இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.